மல்லிகைக் காடியின் கம்ப்ரசர்

என் கையெழுத்து ஒரே கோட்டில் நிற்காது. ‘ற’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ வந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டு படியுங்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது முடித்ததும் லாரியில் ஏறிவிட்டேன். பேனா பிடித்ததைவிட ஸ்டீயரிங் பிடித்ததுதான் அதிகம்.

பினாங்குப் பாலம் கட்டி முடிக்காத காலம். நாற்பது நெருங்கியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண்கள் எதிரே நின்றால் பேச்சே வராது. சொந்தமாக ஒரு பழைய காடி (இங்கே காரை அப்படித்தான் சொல்வோம்) வைத்து வாடகைக்கு ஓட்டினேன். காலையில் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய், ஒரு தோட்டத்தில் மல்லிகை மொட்டு வாங்கி வந்து, கடைத்தெருவில் மாலை கட்டும் ஒரு பெண்ணிடம் கொடுப்பதுதான் முதல் ஓட்டம். அவளும் கல்யாணம் ஆகாதவள். தனியாகக் கடை நடத்தினாள்.

வெயில் பட்டால் மொட்டு வழியிலேயே விரிந்துவிடும். என் காடியில் ஏர்கோன் இருந்ததால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அவள் பூவை நிறுக்கும்வரை நான் அங்கே நிற்கலாம். அவள் முன்னால் நிற்க எனக்கு வேறு சாக்கு கிடையாது.

அந்த ஏர்கோன்தான் கைவிட்டது. ஓடும்போது கொஞ்சம் குளிரும்; ஃபெர்ரி வரிசையில் நின்றால் வெறும் சூட்டுக் காற்று. கேஸ் குறைந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேஸ் ஏற்றினேன். பலனில்லை. ஒருநாள் துறைமுகத்தில் மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கி, தகரத்தில் போட்டுப் பூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரிய யோசனை செய்துவிட்டதாக நினைப்பு.

அவள் பூவை முகர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, இது மாலைக்கா, மீன் குழம்புக்கா?”

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஏர்கோன் போச்சுன்னா வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? ஞாயித்துக்கெழம கல்யாண மாலை இருக்குண்ணே. அதுக்குள்ள காடி சரியாகலன்னா வேன்காரர வரச் சொல்றேன். கோவிச்சுக்காதீங்க.”

நேராகச் சுங்கை பினாங்கில் இருந்த ஏர்கோன் பட்டறைக்குப் போனேன். அதை நடத்தியவர் என் வயதுக்காரர். யாரைப் பார்த்தாலும் ‘போஸ்’ என்பார். எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பைப்பையும் தொட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார்.

“ஒண்ணு சுடணும், இன்னொண்ணு சில்லுனு இருக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி வெதுவெதுன்னு இருக்கு பாருங்க. கம்ப்ரசர் கேஸ அமுக்கல போஸ்.”

மீட்டர் மாட்டினார். இரண்டு முள்ளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகவே இல்லை. கேஸை வெளியேற்றிவிட்டுக் கம்ப்ரசரைக் கழற்றி எண்ணெயைச் சாய்த்தார். கறுப்பாக வந்தது, அதில் பொடிப் பொடியாக ஏதோ மின்னியது.

“உள்ள தேஞ்சு போச்சு. இந்தத் தூளு பைப்பு பூரா போயிருக்கும்.”

பழைய காடிகளை உடைத்து விற்கும் கடையில் நல்ல கம்ப்ரசர் ஒன்று எடுத்து வந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குப் பூ ஏற்ற வேண்டும் என்று சொல்லி, உடனே மாட்டச் சொன்னேன்.

“கழுவாம மாட்டுனா இதுவும் செத்துரும் லா. கல்யாணம் யாருக்கு, உங்களுக்கா?”

என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் பைப்புகளைக் கழுவினார், ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் புதிதாகப் போட்டார், உள்ளே இருந்த காற்றை எல்லாம் மெஷினால் இழுத்தார். அதன் பிறகுதான் கேஸ். சுவிட்சைத் தட்டியதும் ‘டக்’ என்று கம்ப்ரசர் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பைப்பில் நீர் முத்து முத்தாக வியர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி வரிசை நீளமாக இருந்தது. காடிக்குள் எனக்குக் குளிரெடுத்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

அவள் பூ மூட்டைக்குள் கையை விட்டாள். ஒரு மொட்டுகூட விரியவில்லை.

“அடேயப்பா! அண்ணே, மாலை கட்டுனதும் இந்தக் காடியிலேயே மண்டபத்துக்குக் கொண்டு போயிரலாமா? நானும் வர்றேன்.”

மாலைகளைப் பின் சீட்டில் படுக்கவைத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். குளிர்காற்றைத் தன் முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பாதி வழி போய்விட்டது. இனி எப்போது இப்படி உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னேன்.

“என்னை அண்ணேன்னு கூப்பிடாதீங்க.”

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கம்ப்ரசர் விட்டு விட்டுப் பிடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வேன்காரருக்கு வழி விட்டுவிட்டோம் என்றே நினைத்தேன். மண்டப வாசலில் கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டேன்.

“இங்க பாருங்க, மெல்லமா. மாலை சாயுது.”

முதலில் எனக்கு உறைக்கவில்லை. காடியை நிறுத்திய பிறகுதான் உறைத்தது.

அந்தக் காடியை எப்போதோ விற்றாகிவிட்டது. கூப்பிடுவது மட்டும் இன்றுவரை மாறவில்லை. இப்போதுகூட அடுப்படியிலிருந்து, “இங்க பாருங்க, எழுதினது போதும், சாப்பிட வாங்க” என்று குரல் வருகிறது.

ஞாயிறு, 17 மார்ச் 1996.