தம்பி பேரில் வாங்கிய விளையாட்டுகள்

அபிதகுசாம்பாள் என்ற முழுப்பெயர் ஆதார் அட்டையிலும் ரேஷன் கார்டிலும் மட்டும்தான் இருந்தது. வீட்டில் அபிதா. பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் டிசைன் ஆபீசில் அபிதா மேடம். தெருவில் அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு, அவள் காதில் விழாதபடி சொல்வார்கள்: பேரம். "பிரிட்ஜ் இப்ப வாங்கலாமா, ஆடி வரைக்கும் நிக்கலாமான்னு பேரத்த ஒரு வார்த்த கேளு" என்பார்கள். கிண்டல்தான். ஆனால் அவளைக் கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் ஒரு மிக்சிகூட வாங்கியதில்லை.

ஆனியில் விலையை ஏற்றி ஆடியில் இறக்கும் வித்தை ஆரணியில் பிறந்தவளுக்குத் தெரியாதா? சின்ன வயதிலேயே கடையில் நின்று தள்ளுபடிச் சீட்டை நகத்தால் சுரண்டி, அடியில் ஒட்டியிருக்கும் பழைய சீட்டைப் படித்துவிடுவாள். கடைப் பையன்கள் அவளைக் கண்டால் முதலாளியைக் கூப்பிடுவார்கள்.

மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. ஐந்து பேர் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். ஐந்தாவது ஆள் பதினைந்து பவுனும் பைக்கும் கேட்டபோது, "இந்த ஆளுக்கு இந்த வெலையா?" என்று அடுப்படியிலிருந்து அபிதா சொன்னது கூடத்துக்குக் கேட்டுவிட்டது. அதோடு சரி. வாய்க்காரி என்று ஊர் முத்திரை குத்தியது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா தெய்வநாயகி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அபிதா மூன்று வேளையும் சாப்பிட்டாள்.

அவளுக்குப் பத்து வயது இளையவன் தம்பி குமரேசன். ஊரடங்கு வந்த வருடம் அவனுக்குச் சென்னைக் கம்பெனி வேலை, ஆனால் வீட்டிலிருந்து. வேலை முடிந்தால் கூண்டுக்குள் அடைத்த மாதிரி அலைந்துகொண்டிருந்தான். வேலூரில் ஒருவர் தன் பழைய கேம் கன்சோலை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் போனிலேயே நான்கு நாள் பேசி, இரண்டாவது கன்ட்ரோலரையும் ஹெட்செட்டையும் சும்மாவே சேர்த்து வாங்கினாள் அபிதா. தம்பிக்குப் பிறந்தநாள் பரிசு.

டிவியில் மாட்டியதும் திரை ஒரு பெயர் கேட்டது. யார் பெயரில் கணக்கு தொடங்குவது?

"உன் பேர் போடுக்கா. நீதான வாங்குன" என்றான் குமரேசன்.

"என் பேர் எதுக்குடா? உன் பேர்லயே இருக்கட்டும்" என்றாள் அபிதா. யோசித்துச் சொன்னதல்ல. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். மின் இணைப்பு, கேஸ் புத்தகம், வீட்டு வரி ரசீது, அத்தனையும் அப்பா பெயரிலிருந்து நேராகக் குமரேசன் பெயருக்குப் போயிருந்தன. கட்டுவது அபிதா. ஒரு விலைச் சீட்டைக்கூட விடாமல் சுரண்டிப் பார்ப்பவள், இதை மட்டும் சுரண்டிப் பார்த்ததே இல்லை.

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பிறகு ஒரு சமையலறை விளையாட்டு வந்தது. ஒரு ஓட்டல் அடுப்படியில் இரண்டு பேர். ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் நறுக்க வேண்டும், ஒருவர் வேகவைக்க வேண்டும், தட்டு கழுவி நேரத்துக்குள் பரிமாற வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு தீப்பிடிக்கும். பன்னிரண்டு வயதில் பாண்டி ஆடுவதை நிறுத்தியவள் முப்பத்து நான்கு வயதில் கன்ட்ரோலரைக் கையில் பிடித்தாள். "இன்னாடா முழிச்சுகினு நிக்கற, ஜல்தி வெங்காயத்த நறுக்கு!" என்று அவள் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தமே அடங்கிவிடும். அடுப்பு தீப்பிடித்தால் அக்காவும் தம்பியும் தரையில் உருண்டு சிரிப்பார்கள். அவள் அப்படிச் சிரித்து அம்மா பார்த்ததில்லை.

விளையாட்டு பிடித்த பிறகு, விலை பிடிக்காமல் இருக்குமா? கன்சோலின் கடை திரைக்குள் இருந்தது. அங்கே சுரண்டிப் பார்க்கச் சீட்டு இல்லை. ஆகவே வேண்டிய விளையாட்டுகளின் விலையை வாராவாரம் போனில் குறித்துவைத்தாள். தீபாவளித் தள்ளுபடியில் எழுபது சதவீதம் என்பார்கள், கோடையிலேயே எழுபத்தைந்து வந்துபோயிருக்கும். வெளிவந்த மாதத்தில் ஐயாயிரம் விற்றது இரண்டு வருடம் பொறுத்தால் எழுநூறுக்கு வரும். பண்டிகை ஆஃபரில் கிஃப்ட் கார்டைப் பத்து சதவீதம் குறைவாக வாங்கி, அந்தப் பணத்தால் தள்ளுபடி விளையாட்டை வாங்குவாள். இரண்டு தடவை குறைந்த மாதிரி. நெட் வழியாகச் சேர்ந்து ஆடுவதற்குக் கட்டும் வருடச் சந்தாவின் விலை ஏறப்போகிறது என்று அறிவிப்பு வந்த வாரம், பழைய விலையிலேயே மூன்று வருடத்துக்கு முன்கூட்டிக் கட்டிவைத்தாள். பெரிய சந்தாவுக்கு ஒரே ஒரு மாதம் மாறி, அதில் மட்டும் கிடைக்கும் நீளமான கதை ஒன்றை ஆடி முடித்துவிட்டு, மறுபடி சின்ன சந்தாவுக்கு இறங்கிவிடுவாள். ஐந்து வருடத்தில் நூற்று நாற்பத்தாறு விளையாட்டுகள் சேர்ந்தன. ஒன்றுகூட முழு விலைக்கு வாங்கியதில்லை. எல்லாம் அவள் சம்பளம், எல்லாம் குமரேசன் பெயரில் தொடங்கிய ஐடியில்.

ஊரடங்கு முடிந்து குமரேசன் சென்னைக்குப் போனான். அங்கே தனக்கென்று இன்னொரு கன்சோல் வாங்கிக்கொண்டான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள் அபிதா. ஒரு ஐடிக்கு ஒரு கன்சோலைச் சொந்த வீடு என்று குறித்துவைக்கலாம். அந்தக் கன்சோலில் யார் ஆடினாலும், அந்த ஐடியில் வாங்கிய எல்லாம் திறக்கும், சந்தாவும் சேர்த்து. ஐடிக்காரர் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு இடம் என்று, உலகத்தில் எந்தக் கன்சோலிலிருந்தும் ஆடலாம். ஆகவே ஆரணிக் கன்சோலைச் சொந்த வீடாக்கினார்கள். அபிதா தனக்கென்று ஒன்றும் இல்லாத இலவச ஐடி ஒன்றை வைத்துக்கொண்டாள். ஒரு விளையாட்டு வாங்கினால் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆடலாம். பாதி விலை! அந்த ஒரு வாரம் முழுக்க அவள் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி அவர்களுடைய நேரமாக இருந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதே சமையலறைக்குள் போவார்கள். அவள் வெங்காயம் நறுக்கச் சொல்வாள், அவன் மேனேஜர் திட்டியதைச் சொல்வான். போனில் பேசினால் சாப்பிட்டியா, தூங்குனியா என்பதோடு முடிந்துவிடுகிற தம்பி, கையில் வேலை இருந்தால் மனசைத் திறந்து பேசுவான். பவித்ராவைப் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னதும் அங்கேதான். அன்றைக்கு அபிதா கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்துவிட்டாள். திரையில்தான்.

போளூர்ப் பெண் பவித்ராவை அவளே முன்னின்று பேசி முடித்தாள். தை மாதம் கல்யாணம்.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு. மூன்று மணிக்குக் கன்சோலைப் போட்டவள் திகைத்துப்போனாள். திரையில் இருந்த ஒவ்வொரு விளையாட்டின் மேலும் ஒரு சின்னப் பூட்டு. கீழே போகப் போகப் பூட்டு. தம்பிக்குப் போன் போட்டாள்.

"குமரேசா, எல்லாத்துலயும் பூட்டு போட்டிருக்குடா. மிஷின் கெட்டுப் போச்சா?"

"அய்யோ, சொல்ல மறந்தே பூட்டேன்க்கா. பவித்ரா தம்பி அருள்மணி வேல தேடிகினு இங்கதான இருக்கான். நான் ஆபீஸ் போய்ட்டா பகல்ல அவனுக்குப் பேஜாரா இருக்குது. அவன் ஐடில ஆடணும்னா இங்க இருக்கற மிஷின சொந்த வீடா மாத்தணும். அதான் மாத்திட்டேன்."

"அப்ப நான்?"

"நீ என் ஐடில உள்ள வந்து ஆடிக்கோக்கா. நான் ஆடாத நேரமா பாத்து."

"நீ ஆடாத நேரத்துல நான் ஆடுனா, ரெண்டு பேரும் எப்பிடிடா சேந்து ஆடறது?"

அவன் அதை யோசித்திருக்கவே இல்லை. யோசிக்கவில்லையே என்பதுதான் அவளை அறுத்தது.

"அதுக்கின்னாக்கா. சேல்ல புடிக்கறதுல நீதான் கில்லாடியாச்சே. உன் பேர்ல ஒண்ணு ஒண்ணா வாங்கிக்கோ" என்றான். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அவசரத்தில் சொன்னான். போனை வைத்துவிட்டான்.

ஒரு ஐடியில் வாங்கியது இன்னொரு ஐடிக்கு மாறாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். திருப்பி மாற்றுவதற்குக் குமரேசன் ஒரு பட்டனை அமுக்கினால் போதும் என்பதும் தெரியும். அதைக் கேட்கட்டுமா என்று அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

"புதுசா கல்யாணம் ஆன எடத்துல போயி வெளையாட்டு சாமானுக்கு மல்லுக்கு நிப்பியா?" என்றாள் தெய்வநாயகி. "மச்சான்காரன் ஆடிகினு இருக்கறத புடுங்கிகினு வந்தா மருமவ வீட்டுல இன்னா நெனப்பாங்க? நாப்பது வயசுல உனக்கு இன்னாடி ஆட்டம்?"

ஐந்து வருடமாகச் சம்பளத்தில் போட்ட பணம் போனது அவளுக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ராத்திரி சோறு இறங்காமல் போனது அதற்காக இல்லை. ஞாயிறு மூன்று மணி போய்விட்டது. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் யாரையாவது அதட்டுவாள், யாராவது அவளிடம் எதையாவது சொல்வார்கள். அடுத்த மூன்று ஞாயிறும் அந்த நேரத்துக்கு டிசைன் ஆபீசின் மிச்ச வேலையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மயில் ஒன்று வரையத் தொடங்கி, கழுத்து வரைக்கும்தான் வந்தது.

நான்காவது வாரம் வியாழக்கிழமை, அபிதா வாழ்க்கையில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். பத்து நாளில் பெரிய தள்ளுபடி வருகிறது. சமையலறை விளையாட்டு முக்கால் விலை குறையும் என்று அவள் குறிப்பே சொன்னது. ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியதுதான். அதை மறுபடி, தன் ஐடியில், முழு விலை கொடுத்து வாங்கினாள். ஒரு மாதச் சந்தாவையும் முழு விலைக்கே கட்டினாள். பத்து நாள் பொறுத்தால் இடையில் ஒரு ஞாயிறு போய்விடும். விலையைப் பார்க்கும் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினாள். தெருவில் யாருக்காவது தெரிந்தால் நம்பமாட்டார்கள்.

சனிக்கிழமை போன் செய்தாள். "நாளைக்கு மூணு மணிக்கு வாடா. நான் தனியா வாங்கிட்டேன்."

"சூப்பர்க்கா. வந்துடறேன்" என்றான் குமரேசன்.

ஞாயிறு தலைக்குக் குளித்தாள். இரண்டே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டாள். மூன்று அடித்து இரண்டு நிமிடத்தில் குமரேசன் பெயர் பச்சையாக எரிந்தது. அழைப்பு அனுப்பினாள். உடனே ஏற்றுக்கொண்டான். திரையில் வெள்ளைத் தொப்பி போட்ட இரண்டு சமையல்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள். பார்த்ததுமே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வந்துட்டியாடா?" என்றாள்.

"ஹலோ, அபிதா அக்காங்களா? நான் அருள்மணிங்க" என்றது ஹெட்செட். "மாமாவும் எங்க அக்காவும் படத்துக்குப் போயிருக்காங்க. மாமா ஐடிலதான் எல்லா லெவலும் தெறந்திருக்குதா, இப்பதான் அதுல உள்ள வந்தேன். நீங்க கூப்புட்டது வந்துச்சு. நீங்களும் கேம் ஆடுவீங்களாக்கா? மாமா சொன்னதே இல்ல."

அபிதா திரையில் பச்சையாக எரிந்த தம்பி பெயரை மறுபடி ஒரு தடவை படித்தாள்.

அருள்மணி நல்ல பிள்ளை. அக்காவுக்குக் கூச்சமாக இருக்குமே என்று அவனே பேச்சை வளர்த்தான். "மாமாகிட்ட நூத்தி நாப்பத்தாறு கேம் இருக்குதுக்கா. ஒண்ணுகூட ஃபுல் ரேட்டுல வாங்கல. வாராவாரம் வெலைய எழுதி வெச்சிகினு, எறங்கற வரைக்கும் பொறுத்திருந்து வாங்குனாராம். எங்க அப்பாவே அசந்துட்டாரு. மாப்ள இவ்ளோ சூட்டிகையா இருக்கறாரு, நம்ம பொண்ணு பொழச்சுகினான்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறாரு."

ஒரு வார்த்தை போதும். 'அதெல்லாம் நான் வாங்குனதுப்பா' என்று ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அடங்காத வாய் அது. ஆனால் சொன்னால் நாளைக்குப் போளூரில் தம்பி தலைகுனிந்து நிற்பான், பவித்ரா அவனை ஒரு மாதிரி பார்ப்பாள்.

"ஆமாம்ப்பா" என்றாள் அபிதா. "அவன் சின்னதுலேருந்தே அப்பிடித்தான். ரொம்ப கணக்கு."

"உங்களுக்கு இது ஆடத் தெரியுமாக்கா?"

"தெரியாதுப்பா. இந்த வாரந்தான் வாங்குனேன்."

"கவலப்படாதீங்க, நான் சொல்லித் தரேன். எடது கைப் பக்கம் இருக்கற பட்டன அமுக்குங்க, வெங்காயம் நறுக்கும். அவசரமே இல்ல, மெதுவா."

அந்தச் சமையலறையில் எந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். விரல்கள் தாமாகவே ஓடப் பார்த்தன. அவற்றை இழுத்துப் பிடித்தாள். தன் சமையல்காரனை வேண்டுமென்றே சுவரில் முட்டவிட்டாள், அடுப்பில் சாதத்தைத் தீயவிட்டாள். "பரவால்லக்கா, மொத தடவ எல்லாருக்கும் இப்பிடித்தான். போகப் போக வந்துடும்" என்று அருள்மணி தேற்றினான்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "தம்பி வந்துட்டானாடி?"

அபிதா ஹெட்செட்டை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "வந்துட்டான்ம்மா" என்றாள்.

"பாத்தியா, கல்யாணம் ஆனாலும் அக்காவ மறக்கல" என்றாள் தெய்வநாயகி, நிம்மதியாக.

அபிதா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அருள்மணி சொன்ன பட்டனை அமுக்கினாள்.