தேதி இல்லாத படங்கள்

அந்த மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் அவருடைய கொழுந்தன். அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம் அண்ணி. கணினிக்கு நேரடியாக உத்தரவிடும் ஷெல்லில் கட்டளை எழுதினால் அது எதையும் கேட்காமல் செய்துவிடும்; அவருக்கு அதுதான் பயம்.

அன்று டிஸ்க் நிறைந்து, புதிய எக்ஸ்ரே எதையும் சேமிக்க முடியவில்லை. டாக்டர் பார்த்து முடித்த படங்களுக்கு வேறிடத்தில் நகல் உண்டு. அவற்றில் பழையதை அழித்தால் போதும்.

“ஷெல்லுல நாலு வரி, அண்ணி! வெளியில ஜனங்க என்னைப் பிச்சு எடுக்கிறாங்க. நீங்க ஹாஸ்கெல் மொழியில காவியம் பாடுறீங்க” என்று அவசரப்படுத்தினார் கொழுந்தன்.

“பாடி முடிச்சிடுறேன், இருங்க தம்பி.”

ஹாஸ்கெல், எழுதிய நிரலை ஓட விடுவதற்கு முன்பே விடுபட்டதைச் சரிபார்க்கும் கணினி மொழி. அது அவர் எழுதியதை ஏற்கவில்லை. டாக்டர் பார்த்த தேதியே இல்லாத படம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லையே என்று நின்றது.

கொழுந்தன் சிரித்தார். “உங்களுக்கு ஏத்த ஜோடிதான். தொணதொணன்னு கேள்வி கேக்குது.”

“தேதி இல்லாத படம் எது தம்பி?”

“காலையில நான் எடுத்ததெல்லாம். டாக்டர் இன்னும் பார்க்கல.”

“அதுக்கு நகலும் கிடையாது. உங்க நாலு வரி, தேதி காலியா இருந்தா ரொம்பப் பழசுன்னு நினைச்சு அதைத்தான் முதல்ல அழிச்சிருக்கும்.”

கொழுந்தன் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

“எல்லாரும் உட்காருங்க. அண்ணி எழுதிட்டிருக்காங்க, யாரும் அவசரப்படுத்தாதீங்க.”