சகாயமேரி பேருக்கு வந்த போட்டோக்கள்

லூர்துமேரி எனக்கு அத்தை மகள். என் அப்பாவுடன் பிறந்த மூத்த அத்தைக்கு மூன்றாவது பெண். ஏரியூர்ப் பக்கம் சவுரியப்பனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் அம்மா என் சின்னம்மாவுக்கு நாத்தனார், ஆக அந்த வழியிலும் சொந்தம்தான். அந்த ஊரில் வேதக்காரர் வூடு மொத்தமே ஆறு. கொஞ்சம் கேழ்வரகு, கொள்ளு, நாலு ஆடு. ஞாயிற்றுக்கிழமையானால் ஓலை போட்ட சின்னக் கோயிலில் ஜெபம்.

எண்பத்திரண்டில் டவுனிலிருந்து ஒரு பெரிய சபைக்காரர்கள் ஜீப்பில் வந்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் திட்டம் ஆரம்பித்தார்கள். எந்தச் சாமி கும்பிடுகிற பிள்ளையும் சேரலாம். நோட்டு உண்டு, பெண்பிள்ளைகளுக்கு நீலக் கவுன் உண்டு, வாரம் இரண்டு நாள் பாட்டும் ஜெபமும். சேர்ந்த பிள்ளைக்கு ஒரு நம்பர். வருஷத்துக்கு ஒருமுறை நாற்காலியில் உட்காரவைத்து, நம்பர் எழுதிய சிலேட்டை நெஞ்சோடு பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுப்பார்கள். ஒரு காப்பி, பிள்ளை எழுதிய லெட்டரோடு, வெளிநாட்டிலிருந்து அதன் பேருக்குப் பணம் அனுப்புகிற 'தத்தெடுத்தவருக்கு', ஒன்று வூட்டுக்கு. லூர்துமேரியின் ஒரே பெண் சகாயமேரிக்கு நாற்பத்தேழாம் நம்பர்.

மறு ஆனியில் மூளைக்காய்ச்சல் வந்து சகாயம் மூன்றே நாளில் போய்விட்டாள். எட்டு வயசு. அந்த நீலக் கவுனைப் போட்டுத்தான் புதைத்தார்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு கவர் வந்தது. உள்ளே போட்டோ. நாற்பத்தேழு, சகாயமேரி என்று பின்னால் எழுதியிருந்தது. நாற்காலியில் நீலக் கவுன் போட்ட பெண். வெயிலுக்குத் தலை குனிந்திருந்ததில் முகமெல்லாம் நிழல். "பழசை அனுப்பிட்டானுங்க" என்று சவுரியப்பன் அதைப் பெட்டியில் போட்டான்.

மறு வருஷமும் வந்தது. பெண் வளர்ந்திருந்தாள். அதற்கு மறு வருஷம் இரட்டைச் சடை. முகம் மட்டும் எல்லாவற்றிலும் நிழல்தான்.

"செத்தவ வளருவாளாய்யா?" என்று கேட்டாள் லூர்துமேரி.

அவன் அந்தப் போட்டோவையும் பெட்டியில் போட்டான். அன்றிலிருந்து அவள் மூன்று தட்டில் சோறு போட்டாள். அவனும் ஏனென்று கேட்கவில்லை.

எண்பத்தாறு தை மாதம், உச்சி வெயில். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை ஒட்டி வந்தாள். உள்ளே திட்டத்து வாத்தியார் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"சகாயமேரி."

"உள்ளேன் ஐயா."

தழைக்கட்டு கீழே விழுந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எழுந்து நின்றவள் கிணற்றுமேட்டு மாயவன் மகள் குள்ளம்மாள்.

"குள்ளம்மா" என்று கூப்பிட்டாள். பெண் திரும்பவில்லை.

"சகாயம்."

உடனே திரும்பியது. "என்னம்மா?"

மாசியில் சபையின் ஆண்டு விழா. மைதானத்தில் பந்தல், மைக், டவுனிலிருந்து பெரிய பாஸ்டர். பிள்ளைகள் பாடி முடித்ததும் லூர்துமேரி எழுந்தாள்.

"ஐயா, எம்பொண்ணு செத்து மூணு வருசம் ஆகப்போவுதுங்க. அவ பேரை எடுத்துடுங்க."

பாஸ்டர் வாத்தியாரைப் பார்த்தார். "நம்பர் காலியா இருந்தா மேல கேள்வி வருங்க. பேரை மாத்தினா தத்தெடுத்தவங்க வெலகிடுவாங்க. ஒரு ஏழைப் புள்ளைக்குத்தானே குடுத்தேன்" என்றார் வாத்தியார்.

"செத்தவ பேர்ல லெட்டரு எழுத வெச்சீங்களே, அதுவும் ஏழைக்குக் குடுத்ததுதானா?"

பின்னாலிருந்து ஒருவன், "ஏம்மா, நீயே வேதக்காரி. சபையப் பேசறயே" என்றான்.

"எங்குளுது ஓலைக் கோயிலுப்பா. செத்தவங்கள செத்தவங்கன்னுதான் சொல்லுவோம். இவங்குளுது பெருசு, எடம் காலியாவே இருக்கக் கூடாது."

சிலர் சிரித்தார்கள். மாயவன் எழுந்தான். "அக்கா, செத்தவங்க பேரப் புள்ளைக்கு வெக்கிறதில்லயா? குள்ளம்மாங்கறதே எங்காயா பேருதான். அப்பிடித்தான்னு உட்டுட்டேன்."

"பேரு மட்டும் வெச்சா சரிடா மாயவா. எம்பொண்ணோட வயசயும் சேத்துல்ல உம்மவ வளத்துக்கிட்டு இருக்கா. கூப்புடு பாக்கலாம் உம்மவள."

"குள்ளம்மா!" என்றான். பாட்டு வரிசையில் நின்ற பெண் அசையவில்லை. மறுபடி கத்தினான். அவள் பார்வை பந்தலுக்கு வெளியே வெயிலில் எங்கோ நின்றிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

பாஸ்டர் அங்கேயே லிஸ்டை வாங்கிப் பேரை அடித்தார். அந்த வருஷத்தோடு திட்டம் வேறு ஊருக்குப் போனது. நோட்டும் துணியும் போச்சே என்று பாதி ஊர் லூர்துமேரியிடம் பேசவில்லை. மாயவன் மட்டும் வந்தான். "பேரை அடிச்சுட்டாங்கக்கா. குள்ளம்மான்னு கூப்புட்டா புள்ள இன்னும் வரலியே."

அதிலிருந்து தினமும் வெயிலேறினதும் லூர்துமேரி கிணற்றுமேட்டுக்குப் போவாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து, "குள்ளம்மா, குள்ளம்மா" என்று கூப்பிடுவாள். பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசியும் போனது. வாயில் சகாயம் என்று வரும். கடித்து நிறுத்திக்கொள்வாள். அப்படி ஒரு தடவை கூப்பிட்டால் எழுந்து ஓடி வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனியில் ஒருநாள், கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண் வெடுக்கென்று திரும்பினாள்.

"என்ன அத்தை, சும்மா சும்மா கூப்புடறீங்க?"

லூர்துமேரி எழுந்து வரப்பில் பத்தடி நடந்தாள். அப்புறம் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே, "சகாயம்" என்றாள். களைக்கொத்துச் சத்தம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். யாரும் வரவில்லை.

அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். மகள் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை என்று சவுரியப்பன் என்னிடம் சொன்னான்.