ஏழாம் அறையின் எடை

கடைசி மடக்குப் பால் தொண்டையில் இறங்கும்வரை கம்பவுண்டர் கம்பிக் கதவை விட்டு நகரமாட்டார். கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அடியில் ஆடை ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுப்பார். "இதுலதாம்ப்பா சத்தே இருக்கு. வழிச்சுச் சாப்பிடு."

ஏழாம் அறையில் இருக்கும் அவனுக்குச் சனிக்கிழமை காலை தூக்கு.

சிறை மருத்துவமனையில் கம்பவுண்டருக்கு இது இருபத்தேழாவது வருடம். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்றபடி ஊசி, கட்டு, சிரங்கு, பல்வலி எல்லாம் இவர் பொறுப்பு. கைதிகள் "டாக்டரய்யா" என்பார்கள்; மறுக்கமாட்டார். வார்டர்கள் வைத்திருக்கும் பெயர் தராசு. ஒருமுறை ஜெயிலர், மருத்துவப் பரிசோதனைத் தாளில் தன் எடையை இரண்டு கிலோ குறைத்துப் போடச் சொன்னாராம். "முள்ளு சொல்றத எழுதறதுதான் சார் என் வேல. முள்ளுகிட்ட நீங்களே பேசிக்குங்க" என்றாராம். அடுத்த மூன்று வருடம் ஜெயிலர் இந்தப் பக்கம் எடை பார்க்க வரவில்லை.

நோயாளியைத் தூக்கில் போடக்கூடாது என்பது விதி. போன மாதம் ஏழாம் அறைக்காரனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவன் ஐம்பத்து மூன்றுக்கு இறங்கினான். குறித்திருந்த தேதி தள்ளிப் போயிற்று. கம்பவுண்டருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காய்ச்சல்தான் பட்டது. ஈரத்துணி போட்டார், கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தார், "மெடிக்கல் டயட்" என்று எழுதி முட்டையும் பாலும் வாங்கித் தந்தார். இருபத்து மூன்று நாளில் ஐந்து கிலோவையும் மீட்டு, பழையபடி ஐம்பத்தெட்டு என்று ஏட்டில் எழுதிய அன்று நிம்மதியாக ஒரு டீ குடித்தார். மறுநாளே புதுத் தேதி வந்துவிட்டது.

அவர் மனைவி இதை விடுவதாக இல்லை. "பலி ஆட்டுக்குத் தழை போட்ட கை. நல்லா கழுவிட்டு வந்து உக்காருங்க."

"காய்ச்சல் வந்த ஆட்டுக்கு எந்தக் கசாப்புக்காரன்டி மருந்து குடுப்பான்? நான் குடுத்தேன்ல."

"அதத்தான் சொல்றேன். கசாப்புக்காரனே தேவல."

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆளின் எடைக்குத் தகுந்தபடிதான் கயிற்றின் நீளம். ஐம்பத்தெட்டு கிலோவுக்கு மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தாயிற்று. ஆனால் வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை நிறுக்கவேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் மாறியிருந்தால் புது மூட்டை, புதுச் சோதனை, பொறியாளர் வெளியூரிலிருந்து வரவேண்டும். நாலு நாளாவது ஆகும். அந்த நாலு நாள்தான் இப்போது விலைமதிக்க முடியாதது. ஏழாம் அறைக்காரன் கூட வேலை செய்தவனைச் சண்டையில் கொன்றவன். இறந்தவனின் தாய், தான் மன்னித்துவிட்டதாகக் கைப்பட எழுதிய கடிதம் மேலிடத்தில் ஒரு மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை பார்ப்பார்களாம். சனிக்கிழமை முந்திக்கொள்கிறது.

இந்த வியாழக்கிழமை, எடை பார்க்கும் நேரத்துக்கு மருந்தறையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு அப்பா ஒரு மதம், அம்மா ஒரு மதம், கட்டியவள் ஒரு மதம். கடைசி ஆறுதலுக்கு யார் வேண்டும் என்று கேட்டதற்கு, யார் மனத்தையும் நோகடிக்க விரும்பாமல் மூவரையும் கேட்டுவிட்டான். மூவரும் அவனைப் பார்த்து ஆளுக்கொரு வேதப் புத்தகம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"ஆட்சியில இருக்கறவங்க கையில பட்டயம், அதான் வாளு, சும்மா குடுக்கலன்னு எழுதியிருக்கு" என்றார் பாதிரியார். "எங்கள்லயே பலபேரு இப்ப அத ஒத்துக்கறதில்ல. என்னால மாத்திப் படிக்க முடியல."

"உயிருக்கு உயிர்னு எங்களுக்கும் இருக்கு" என்றார் மௌலவி. "மன்னிச்சா அது அதவிடப் பெரிசுன்னும் கூடவே இருக்கே. பெத்தவ மன்னிச்சாச்சு. அப்புறம் நடுவுல நாம யாரு?"

சாமியார் தாடியை நீவினார். "வாங்கவேண்டிய தண்டனைய இங்கயே வாங்கிட்டா போற எடத்துல பாரம் கொறையும்பாங்க. சரி, கயித்த மாட்டறவன் பாரத்த எங்க எறக்கறது? அத யாரும் எழுதி வைக்கல."

கம்பவுண்டர் மாத்திரைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று பாதிரியார் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதாங்க. அவனுக்கு இப்ப காய்ச்சல் இல்ல." திருடியதை ஒப்புக்கொள்பவர்போலச் சொன்னார்.

வார்டர் அவனை அழைத்து வந்தான். மூன்று புத்தகங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவன், எடை எந்திரத்தின் முன்னால் தயங்கி நின்றான். எதை முதலில் இறக்கி வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வார்டர் தரையைக் காட்டினான். "கீழ வைக்காதப்பா" என்றார்கள் மூன்று பேரும். அன்று காலை அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். நாற்காலிகளில் அவர்களே இருந்தார்கள். மேசை முழுக்க மருந்துப் புட்டிகள்.

கம்பவுண்டர் மேசையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "வச்சுக்கிட்டே ஏறு."

வார்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். பாதிரியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிறைக்குள் மெல்லிய பதிப்புகளைத்தான் விடுவார்கள். முள் ஐம்பத்தெட்டே முக்காலில் நின்றது. மூன்று வேதமும் சேர்ந்து முக்கால் கிலோ. கம்பவுண்டர் குனிந்து கண்ணாடியைத் தட்டினார். மறுபடி தட்டினார். முள் அசையவில்லை.

அவர் நிமிர்ந்து, துணி அட்டை போட்ட தடித்த எடை ஏட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். அன்றைய பக்கத்தைத் திறந்து, அவன் அணைத்திருந்த புத்தகங்களின்மேல் வைத்தார்.

"ஆடாம புடிப்பா. எழுத மேசைல எடம் இல்ல."

முள் ஐம்பத்தொன்பதைத் தாண்டிப் போய் நடுங்கியது. அது அடங்கும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பொறுமையாக நின்றார். பிறகு, அது காட்டியதை எழுதினார்.