கையேட்டில் இன்னும் வேலை பார்த்தவர்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு டாக்குமென்ட் கன்ட்ரோலர் வேலை. அது என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் இன்றுவரை புரிந்ததில்லை. அம்மா பள்ளிகொண்டாவில் கேட்கிறவர்களிடமெல்லாம், "கம்பெனில கன்ட்ரோலரா இருக்கா" என்று பின்பாதியை மட்டும் சொல்லி, நான் ஏதோ பஸ் டிப்போ நடத்துவது போல ஒரு எண்ணத்தைத் தெருவுக்குள் உண்டாக்கி வைத்திருந்தார்.

உண்மையில் என் கட்டுப்பாட்டில் இருந்தது காகிதம் மட்டும்தான். அதிலும் முக்கியமானது பாதுகாப்புக் கையேடு. இருநூறு பக்கத்துக்கு மேல். தீப்பிடித்தால் யார் எந்த வழியாக ஓட வேண்டும், பசை டின்னை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது, எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பாதுகாப்பு அதிகாரியின் பெயர் வரும். எண்ணிப் பார்த்திருக்கிறேன், தொண்ணூற்று நான்கு இடம்.

ஒருமுறை அவர் பெயரில் இனிஷியல் தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மொத்தமாகத் தேடி மாற்றும் வசதி இருக்கிறதே என்று ஒரு தட்டுத் தட்டினேன். எங்களுக்குப் பசை சப்ளை செய்கிற கம்பெனியின் பெயரிலும் அவர் பெயர் இருந்ததை நான் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வாரம், எங்கள் கையேட்டின்படி, பாதுகாப்பு அதிகாரி தன் இனிஷியலோடு பசை வியாபாரமும் செய்துகொண்டிருந்தார்.

அந்த அவமானத்தில்தான் வீடியோ பார்த்துக் கஸ்டம் ஃபீல்டு கற்றுக்கொண்டேன். விஷயம் எளிதானது. டாக்குமென்ட்டின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியில் 'பாதுகாப்பு அதிகாரி' என்று ஒரு தலைப்பு வைத்து, அவர் பெயரை ஒரே ஒரு தடவை எழுதிவிட வேண்டும். பக்கங்களில் பெயர் வருகிற இடத்திலெல்லாம், பெயருக்குப் பதிலாக அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொல்கிற ஒரு ஃபீல்டை வைக்க வேண்டும். பிறகு ஆள் மாறினால் பெட்டியில் மாற்றினால் போதும்.

தொண்ணூற்று நான்கு இடத்திலும் ஃபீல்டு வைத்து முடித்ததும் ஜி.எம்.மைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒரே இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறிடுமா?"

"மாறிடும் சார்."

"அப்ப மிச்ச நேரத்துல நீ இன்னா பண்ணுவே?" என்றார்.

அவர் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. நான் காட்டியிருக்கவும் கூடாது.

இதற்குச் சில மாதம் கழித்துப் பாதுகாப்பு அதிகாரி வேலையை விட்டுவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும். தையல் செக்ஷனின் பின்பக்கம் ஓர் அவசரக் கதவு உண்டு. அதை மறைத்து எப்போதும் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். இவர் காலையில் எடுக்கச் சொல்வார், சாயங்காலம் திரும்ப வந்துவிடும். கடைசியில் ஜி.எம்.மிடம் போய், "நெருப்பு வந்தா பொட்டிங்ககிட்ட பர்மிஷன் கேட்டுனு வெளிய போவணுமா சார்?" என்றார். "இந்த ஷிப்மென்ட் போகட்டும்யா" என்றார் ஜி.எம். ஷிப்மென்ட் போயிற்று, அடுத்த ஷிப்மென்ட் வந்தது, இவர் ராஜினாமாவை நீட்டிவிட்டுப் பேரணாம்பட்டுக்குப் போய்த் தண்ணீர் கேன் சப்ளை செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அவர் இடத்துக்குப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. ஸ்டோர் இன்சார்ஜைக் கூப்பிட்டு, "இதையும் சேர்த்துப் பாத்துக்க" என்றார்கள். பாவம், நல்ல மனிதர். தீயணைக்கும் சிலிண்டரைத் தொடவே பயப்படுவார்.

நான் பெருமையாகக் கையேட்டுக்குள் இருந்த அந்தப் பெட்டியைத் திறந்தேன். பழைய பெயரை அழித்தேன், ஸ்டோர் இன்சார்ஜ் பெயரை அடித்தேன், சேவ் செய்தேன், பிரின்ட் கொடுத்தேன். இருநூறு பக்கமும் சூடாக வந்து விழுந்தது. ஜி.எம். போனில் பேசிக்கொண்டே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அவர் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. நான்தான் மாற்றினேனே, படிப்பானேன்?

அடுத்த வாரம் ஆடிட். வெளிநாட்டு வாடிக்கையாளர் சார்பில் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். எங்கள் டீ பிஸ்கட் எதையும் தொடாமல், தன் ஃப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டுக் கையேட்டைத் திறந்தார்.

"பாதுகாப்பு அதிகாரிகிட்ட பேசணும்."

ஸ்டோர் இன்சார்ஜ் பாதி எழுந்தார். மேடம் பக்கத்தைப் பார்த்துப் பெயரை வாசித்தார். அது பழையவர் பெயர். பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜி.எம். என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே, "அவரு ஃபீல்டுல இருக்காரு மேடம்" என்றார்.

அதைவிடச் சரியாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

"சரி, மத்தியானம் மூணு மணிக்கு வரச் சொல்லுங்க" என்றார் மேடம்.

வெளியே வந்ததும் ஜி.எம்.மின் சிரிப்பு இறங்கிவிட்டது. "இன்னாம்மா பேஜார் இது? ஒரு இடத்துல மாத்தினா போதும்னு சொன்னியே?"

ஓடிப்போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பெட்டியில் புதுப் பெயர் இருந்தது. கையேட்டின் பக்கங்களில் பழைய பெயரே இருந்தது. அந்தப் பெயர்மேல் கர்சரை வைத்து எஃப்-9 பட்டனை அழுத்தினேன். உடனே மாறியது. பெட்டியில் மாற்றினால் மட்டும் போதாது, மாறியதைப் போய்ப் பார் என்று ஃபீல்டுகளுக்கும் சொல்ல வேண்டும். வீடியோவில் அதை நிச்சயம் சொல்லியிருப்பார்கள். நான் பாதியிலேயே நிறுத்திவிட்டு ஜி.எம்.மைக் கூப்பிடப் போயிருப்பேன்.

"வேற பிரின்ட் எடுத்து வெச்சிடலாமா சார்?"

"நான் கையெழுத்துப் போட்ட காப்பி அந்தம்மா கையில இருக்குது. நீ போ, வண்டிய எடுத்துனு போயி அவர இட்டுனு வா."

"சார், அவரு வேலைய விட்டுட்டாரு."

"பேப்பர்ல விடலயே!" என்றார்.

கம்பெனி ஜீப்பில் பேரணாம்பட்டு போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பழைய அதிகாரி லுங்கியும் பனியனுமாக, குட்டி யானை வண்டியிலிருந்து கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?"

நான் ஃபீல்டு, பெட்டி, எஃப்-9 என்று ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டினார்.

"அதெல்லாம் வுடு. இப்ப நான் அங்க வேல பாக்கறனா, இல்லியா?"

"இல்ல சார். ஆனா தொண்ணூத்தி நாலு இடத்துல பாக்கறீங்க."

கேனை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எங்கள் ஜீப் டிரைவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அந்தப் பின்பக்கத்துக் கதவு?"

"பொட்டி அடுக்கித்தான் இருக்குது சார்."

"மொதல்ல அத்த எடுக்கச் சொல்லு. எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா வர்றேன். இன்னொண்ணு, வந்தா பொய் சொல்ல மாட்டேன்."

ஜி.எம்.முக்குப் போன் போட்டேன். முதல் நிபந்தனையை மட்டும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பத்து நிமிடத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. பெட்டிகளை அவரும் சேர்ந்து தூக்கியிருக்கிறார்.

மூன்று மணிக்கு, சட்டை பேன்ட் மாற்றிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, பழைய அதிகாரி ஆடிட் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். ஜி.எம். முகத்தில் பெரிய நிம்மதி.

"கடைசியா தீ ஒத்திகை எப்ப நடத்தினீங்க?" என்று கேட்டார் மேடம்.

"நான் இருந்த வரைக்கும் மாசா மாசம் நடத்தினேன் மேடம். இப்ப நான் இங்க வேல பாக்கல. தண்ணி கேன் போடறேன். பேப்பர்ல என் பேரு இருக்குதுன்னு கூப்ட்டாங்க, வந்தேன்."

ஜி.எம். மேசையைப் பார்த்தார். ஸ்டோர் இன்சார்ஜ் ஜன்னலைப் பார்த்தார்.

"டாக்குமென்ட் கன்ட்ரோலர் யாரு?"

பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி, "எஃப்-9 அழுத்தலையா?" என்றார்.

"அழுத்தல மேடம்."

"ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்குப் பதிலா உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

இதற்கு யாரும் கையைத் தூக்கவில்லை. வந்தது வந்துவிட்டார், சுற்றிக் காட்டட்டும் என்று மேடமே எழுந்தார்.

பழைய அதிகாரி நடந்த நடையில் ஏதோ ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் போல இருந்தது. எந்தத் தூணில் எந்த சிலிண்டர், எதற்கு எப்போது தேதி முடிகிறது, எந்த பெல் அடித்தால் எந்த மூலைக்குக் கேட்காது, எல்லாம் சொன்னார். நல்லதையும் சொன்னார், மோசமானதையும் சொன்னார். ஸ்டோர் இன்சார்ஜ் பின்னாலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். தையல் செக்ஷனில் பழையவர் அந்தக் கதவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினார். திறந்தது. மொத்த வெயிலும் உள்ளே வந்து விழுந்தது. மிஷினில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்க கதவு இருக்குதாக்கா?" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது மேடம் காதிலும் விழுந்தது.

ரிப்போர்ட்டில் கையேடு தப்பு என்று பெரிய குறையாகவே எழுதிவிட்டுப் போனார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை, மூன்று மாதத்தில் மறு ஆடிட் என்றார்கள். குறைக்கு மூல காரணம் என்ன என்று நாங்கள் எழுதித் தர வேண்டும். நான் உள்ளதை எழுதினேன்: "எஃப்-9 அழுத்தவில்லை." ஜி.எம். படித்துவிட்டு, "ரொம்ப கம்மியா இருக்குதும்மா, நம்மள மதிக்க மாட்டாங்க, கொஞ்சம் ஜாஸ்தி பண்ணு" என்றார். இரண்டு பக்கத்துக்கு இழுத்தேன். தீர்வாக, எல்லா ஊழியருக்கும் ஃபீல்டு பற்றிப் பயிற்சி என்று எழுதினேன். எழுதிவிட்டதால் நடத்தவும் வேண்டியிருந்தது. வருகைப் பதிவில் கையெழுத்து எண்ணிக்கை குறைகிறது என்று கேன்டீன் மாஸ்டரையும் உட்கார வைத்தோம். ஒரு மணி நேரம் கவனமாகக் கேட்டுவிட்டு, "ரசத்துக்கு உப்பு போட்டாச்சான்னு வாயில வெச்சிப் பாக்கணும், அதானம்மா?" என்றார். அந்த வகுப்பில் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

பழைய அதிகாரியைத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிட்டார் ஜி.எம். அவர் வர மறுத்துவிட்டார். மாதம் ஒருநாள் வந்து ஒத்திகை மட்டும் நடத்தித் தருவதாகச் சொன்னார்.

முதல் ஒத்திகை அன்று மணி அடித்ததும் தையல் பெண்கள் அந்தக் கதவு வழியாக ஒழுங்காகத்தான் வெளியே வந்தார்கள். ஆனால் பாதிப் பேர் கையில் டிபன் டப்பா. ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பழைய அதிகாரி கத்தினார்.

"நெருப்பு புடிச்சா டப்பா எதுக்கும்மா? உயிரு முக்கியமா, சோறு முக்கியமா?"

முதலில் வந்த பெண் டப்பாவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "இன்னிக்கு கருவாட்டுக் கொழம்பு சார்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பி, "நாலு நிமிஷம், எழுதிக்க" என்றார்.