பீரோ மேல் ஏறிய பத்திரிகை

போன வாரம் தண்டையார்பேட்டையில் அப்பாஸ் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை எல்லாம் கூடத்தில் குவித்திருந்தார்கள். பீரோ மேலிருந்து பச்சைத் துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா இறக்கினார். துணியைப் பிரித்ததும் அச்சு மை வாசனை வந்தது. வந்ததாக எனக்குத் தோன்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை நடத்தியவன் மூக்கை முழுசாக நம்பக் கூடாது. துணிக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் தங்க எழுத்து. எங்கள் ‘தோள்’ பத்திரிகையின் முதல் இதழ், கடையில் வாங்கிய துணி மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

“இத்தத் தொறந்ததே இல்ல மாமு. இரு, ஒளு செஞ்சிகினு வந்துர்றேன்” என்று கை கால் கழுவக் குழாயடிக்குப் போனார் அப்பாஸ் பாய்.

அவர் வருவதற்குள் உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களில் ஒருவர் இறந்து மௌத்தானால் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து போவோம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தோள் மாறும். முன்பின் தெரியாதவர்கூட பைக்கை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்து தோள் கொடுப்பார். கொரோனா சமயத்தில் அப்பாஸ் பாயின் அத்தா போனபோது அதற்கு வழியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியிலேயே கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். மகன் தெருமுனையில் நின்று வண்டி போவதைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதோடு பள்ளிவாசலுக்கு வருவதை விட்டுவிட்டார். டிரெய்லர் ஓட்டுவார், வீட்டுக்கு வருவார், தூங்குவார். வெள்ளிக்கிழமை எல்லாரும் ஜும்ஆவுக்குப் போனால் இவர் எதிர் டீக்கடையில் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவருடைய மச்சான் சலீம் என் தோஸ்து. ஒருநாள் நூர்ஜஹான் அக்கா எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டார்.

“பள்ளிக்கு வராட்டியும் பரவால்லடா. வூட்ல வாயத் தொறந்து பேசினா போதும். நான் செவுத்தாண்ட பேசிகினு கீறேன்.”

வேறு யாராக இருந்தாலும் மனிதரை டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். நாங்கள் பத்திரிகை தொடங்கினோம். சலீம் ராயபுரத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தான். நான் திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிறவன். எனக்குக் கொஞ்சம் எழுத வரும் என்று எனக்கு நானே முடிவு செய்து வைத்திருந்தேன். மார்க்கத்தின் வெளிச்சத்தில் ஆண்கள் மனசு விட்டுப் பேச ஒரு பத்திரிகை. பெயர் ‘தோள்’ என்று சலீம்தான் சொன்னான். யாருக்காக என்று இருவருமே வாயால் சொல்லவில்லை.

முதல் இதழின் அட்டை முழுக்க அரபியில் ஒரு குர்ஆன் ஆயத்து, தங்க மையில். பணக்காரக் கல்யாணத்துக்குத்தான் அந்த மையைத் திறப்பார்கள். முதலாளி பெரிய மனசு பண்ணி எங்களுக்கும் திறந்தார். உள்ளே நடுப்பக்கத்தில் ‘ஆண்களே, மௌனத்தை உடையுங்கள்!’ என்று என் கட்டுரை. எழுதிவிட்டு நானே ரெண்டு தடவை கண் கலங்கினேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டுப் பிரித்துப் பார்த்தால், நடுத்தாள் தலைகீழாக வைத்துப் பின் அடிக்கப்பட்டிருந்தது. எல்லாப் பிரதியிலும் அப்படியே. போன வார ஜும்ஆவிலேயே அறிவிப்பு செய்தாகிவிட்டது, நிறுத்த முடியாது. செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டு, திட்டு வாங்கத் தயாராக, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தோம். டீக்கடைக்குப் போய் அப்பாஸ் பாயிடமும் ஒன்று நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், பத்திரமாக எடுத்துப்போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. ஒருவர்கூடத் திட்டவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கள் பத்திரிகை பீரோ மேலோ ஷெல்ஃபின் உச்சியிலோ கம்பீரமாக இருந்தது. நான் பூரித்துப் போனேன். சலீம்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

“டேய், தலகீழா கீதுன்னு ஒர்த்தனாவது சொன்னானா? எவனும் தொறக்கவே இல்லடா!”

அப்புறம்தான் உறைத்தது. ஆயத்து இருக்கிற தாளை ஒளு இல்லாமல் யார் தொடுவார்கள்? சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருக முடியாது, தரையில் வைக்க முடியாது, டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்ட முடியாது. “கை ஃபுல்லா கிரீஸு பாய், எப்டித் தொடுறது?” என்றார் ஒரு டிரைவர், நியாயமாக. என் வீட்டிலேயே அம்மா அதைக் குர்ஆன் இருக்கும் அலமாரியில் ஏற்றியிருந்தார். அதை எழுதிய நானும் இறக்கிப் பார்க்கவில்லை. மரியாதை கொடுத்தே எங்களைத் தோற்கடித்துவிட்டார்கள்.

ரெண்டாவது இதழில் அரபி எழுத்தே வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஜமாஅத் கமிட்டியில் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

“ஆயத்து இல்லாம இன்னா மார்க்கப் பத்திரிக?”

“படிக்கிறவன் இருந்தாத்தான பாய் பத்திரிக?” என்றான் சலீம்.

சட்டைப்பையில் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக்கினோம். அட்டையில் ஒரு கிரீஸ் படிந்த கை, கீழே ‘இந்தக் கையாலும் தொடலாம்’ என்று ஒரு வரி. சலீமின் கைதான். கம்ப்யூட்டரைத் தவிர எதையும் தொடாத கை அது. பழைய இன்ஜின் ஆயிலில் முக்கிப் படம் எடுத்தோம். அந்தக் கையோடு அவன் சாப்பிட உட்கார்ந்தபோது நூர்ஜஹான் அக்கா கொடுத்த வசவையும் அச்சடித்திருக்கலாம்.

துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலை நெடுக டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகராத வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனைப் போல நல்ல வாசகன் கிடையாது. கேட் பாஸோடு சேர்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அன்று மத்தியானம் சலீமின் போன் அடித்தது. அப்பாஸ் பாய்.

“எழுதிக்கோ” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. வரிசையில் வண்டி நின்றிருந்த நேரமெல்லாம் பேசினார். “எங்க அத்தா என்னத் தோள் மேல தூக்கிகினு கடலு காட்டினாரு. அவரு போறப்ப என் தோளு சும்மா கீது.” சலீம் அச்சகத்து வாசலில் நின்று அழுதுகொண்டே எழுதினான். நான் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை. நான் செய்த எடிட்டிங்கிலேயே சிறந்தது அதுதான்.

மூன்றாவது இதழில் அது வந்தது. வரிசையில் நின்ற டிரைவர்கள் அவர் வண்டியைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ‘எங்க அண்ணனுக்கும் அதே கதிதான் பாய்’ என்று ஒருவர். அப்படியே சர்ச்சுக்குப் போகிற ஒருவரும் கோயிலுக்குப் போகிற ஒருவரும் வந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாஸ் பாய் டீக்கடையிலிருந்து எழுந்து சாலையைக் கடந்து வந்து, என் பக்கத்தில் செருப்பை விட்டார். தொழுகை முடிந்ததும் கபர்ஸ்தானுக்கு நடந்தோம். அந்த டிரைவர்களும் வந்தார்கள். துஆ செய்யும்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை. மௌனத்தை உடையுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் நான்.

சலீம் சவூதிக்கு வேலைக்குப் போனதும் பத்திரிகை நின்றது. இப்போது அந்த டிரைவர்கள் எல்லாரும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தால் ஜும்ஆ வாழ்த்தோடு ரோஜாப்பூ படமாக வந்து குவிகிறது. முதல் ரோஜா அப்பாஸ் பாயுடையது. அதைத் தடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

இதோ வந்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி உறையைப் பிரித்தார். மெதுவாகப் புரட்டிக்கொண்டே போனவர் நடுப்பக்கத்தில் நின்றார்.

“இன்னா மாமு இது? தலகீழா கீது?”

இத்தனை வருஷம் கழித்து முதல் புகார். அவரே புத்தகத்தைத் திருப்பி வைத்து, என் கட்டுரையில் பாதியை வாய்விட்டுப் படித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“நல்ல வேள, அப்ப நான் இத்தப் படிக்கல” என்று மூடிவைத்தார். “அந்த மூணாவது புக்கு கீதா? அதான்யா புக்கு.”

என்னிடம் இல்லை. சலீமிடமும் இல்லை. அச்சகத்தில் கேட்டுப் பார்த்தாயிற்று. படிக்காதது மட்டும் பட்டுப்போல இருக்கிறது. படித்ததெல்லாம் கைமாறி, கிரீஸ் ஏறி, எண்ணூர் சாலையில் நின்ற வண்டிகளோடு போய்விட்டது.