ஸ்டெல்லா மேடம் வளர்த்த கம்பிகள்

இவ்வளவு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

ஸ்டெல்லா மேடம் இறந்துவிட்டார். நேற்று காலை, அரியலூரில், மாரடைப்பு. இன்று மாலை வரதராஜன்பேட்டையில் அடக்கம்.

பெரம்பலூரில் நம் கல்லூரியில் இயற்பியல் எடுத்தவர். இந்தப் பழைய மாணவர் குழுவில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். நான் மாணவன் இல்லை... அவருடன் அதே லேபில் வேலை பார்த்தவன்.

காலையிலிருந்து இங்கே வரும் அஞ்சலிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பழைய துறைத்தலைவர் எழுதியதற்குத்தான் ஏகப்பட்ட லைக். தன் ஆய்வில் உருவான நானோ கம்பிகளுக்கு காண்டாக்ட் போட்டுக் கொடுத்து உதவிய அன்புத் தங்கை என்று எழுதியிருக்கிறார்.

தங்கை. சரி, இருக்கட்டும்.

ஆனால் சார்... அவர் காண்டாக்ட் போடவில்லை. கம்பியை வளர்த்ததே அவர்தான். காண்டாக்ட் போட்டவன் நான்.

யார் எந்த வேலை செய்தார்கள் என்பதே உங்களுக்கு மாறிப்போயிருக்கிறது. ஆச்சரியமில்லை. அந்த லேபுக்குள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வாசலில் உங்கள் ஷூவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்தக் கம்பி. துத்தநாகக் கரைசலில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, பாட்டிலை மூடி ஓவனில் சூடாக்கினால், தகட்டின் மேல் நாற்றங்கால் மாதிரி முளைத்து வரும்.

வர வேண்டும். முதலில் வரவில்லை. முளைத்ததெல்லாம் குட்டையாக, தடித்துப்போய்...

தண்ணீரைச் சந்தேகப்பட்டவர் மேடம். நம் பக்கத்து போர் தண்ணீர்தான் தெரியுமே. கல்லூரியில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவிக்குள் சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்து கிடந்தது. புதுக் கருவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், திருச்சியில் வடித்த தண்ணீரை வாங்கி, கேனோடு பஸ் ஏற ஆரம்பித்தார்.

ஒருநாள் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். அவர் கழுத்துச் சிலுவையையும் காலடியில் இருந்த கேனையும் பார்த்த கண்டக்டர், "என்னங்கம்மா, மாதா கோயில் தீர்த்தமா?" என்றார்.

"இல்லண்ணே. இதுல ஒண்ணுமே கெடையாது. ஒண்ணுமே இல்லாத தண்ணி வேணும்னுதான் திருச்சி வரைக்கும் போயிட்டு வரேன்."

கண்டக்டர் கேனுக்கு லக்கேஜ் டிக்கெட் போடாமல் நகர்ந்துவிட்டார். கொஞ்சம் பயந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்தத் தண்ணீரில் கம்பி முளைத்தது. நெட்டையாக, ஒரே சீராக. அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் சண்டை ஆரம்பித்தது.

ஒரு கம்பியை எடுத்து இரண்டு தங்கக் கோடுகளுக்குக் குறுக்கே படுக்க வைத்து மின்சாரம் பாய்ச்சி அளக்க வேண்டும். அந்தத் தங்கக் கோடுகள்தான் காண்டாக்ட். அது என் வேலை. ஆனால் கம்பி தங்கத்தின் மேல் முழுசாகப் படியாது. சில புள்ளிகளில்தான் தொடும். காலையில் ஒரு அளவு வரும், மத்தியானம் வேறு.

கம்பி மோசம் என்றேன் நான். வாரக்கணக்கில் அதையே சொன்னேன்.

"மொதல்ல ஒங்க தங்கத்த ஒழுங்கா ஒட்ட வைங்க சார். அப்புறம் எங் கம்பியப் பத்திப் பேசலாம்."

கடைசியில் இரண்டு கோடுகளுக்குப் பதில் நான்கு கோடு போட்டுப் பார்த்தேன். அப்படிப் போட்டால், தொடும் இடத்தில் உண்டாகும் தடையை ஒதுக்கிவிட்டு கம்பியை மட்டும் அளக்கலாம். கம்பியில் ஒரு குறையும் இல்லை. குழப்பம் எல்லாம் தொடும் இடத்தில்தான்.

போய்ச் சொன்னேன். மேடம் சிரிக்கக்கூட இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு அவித்த முட்டையை என் பக்கம் தள்ளினார்.

பிறகு கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் துறைத்தலைவர். இரண்டாவது மேடம். என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் வரியில், மைக்ராஸ்கோப் ஆபரேட்டரின் பெயருக்குப் பக்கத்தில்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவரிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"ஒங்க பேரப் போடச் சொன்னேன் சார். முடியாதுன்னுட்டாரு. அதோட விட்டுட்டேன். அதுக்கு மேல பேசினா என் பேரையும் எடுத்துடுவாரு."

"எடுத்தா எடுக்கட்டுமே மேடம்."

"அப்புறம் அந்தக் கம்பிக்கு யாரு சார் இருக்கா?"

அரியலூர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பதிலை நான் அன்று ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை. அடுத்த வருஷம் வேறு கல்லூரிக்குப் போனேன். அதன் பிறகு நாங்கள் பேசியதே இல்லை.

ஆனால் இன்று காலை அந்தப் பதிவைப் படித்தபோது, பஸ் ஸ்டாண்டில் அவர் கேட்ட கேள்விதான் காதில் விழுந்தது. ஆள் போய் ஒருநாள்தான் ஆகிறது... அதற்குள் கம்பி கைமாறிவிட்டது.

அதனால் எழுதுகிறேன். அந்தக் கம்பிகள் ஸ்டெல்லா மேடம் வளர்த்தவை. தண்ணீர் தூக்கியது அவர். ஓவன் பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தது அவர்.

அடக்கத்துக்குப் போகிறேன். பின்வரிசையில் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

போய் வாருங்கள் மேடம். உங்கள் மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. கம்பி உங்களுடையது, அது வேறு விஷயம்.

இதை என் பெயரில் போடத்தான் உட்கார்ந்தேன். போட்டால் கீழே என்ன வரும் என்று தெரியும்... 'இன்னுமா சார் அந்த பேப்பர் பஞ்சாயத்து?' அடக்கம் முடிவதற்குள் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும்.

இந்தக் குழுவில் பெயர் காட்டாமல் பதிவிட ஒரு வசதி இருக்கிறது. அதைத்தான் அழுத்தப் போகிறேன்.

காண்டாக்ட் போட்டவன் யார் என்று தெரிய வேண்டுமானால், துறைத்தலைவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.